வீரனும் மந்திரவாதியும் ஓரணியில்: ஒரு நாள் போட்டிக்கு எந்த விதிமுறை?

“அண்ணே, ஆறு அணி சேர்ந்தாச்சு. எந்த கேம் என்பதில்தான் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாதிப் பேர் டி அண்ட் டி என்கிறார்கள், ஒருத்தன் பாத்ஃபைண்டருக்குக் கொடி பிடிக்கிறான். நீங்கள் போன வருடம் நடத்தினீர்களே, எது சரிவரும்?”

திருப்பரங்குன்றம் பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றிலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார். (டி அண்ட் டி என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதுவும் பாத்ஃபைண்டரும் மேசையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு கற்பனைக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டங்கள்.) இதையே சுற்றி வளைத்து இன்னும் சிலரும் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் நான் நடத்திய லட்சணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கே.கே.நகரில் ஒரு நண்பர் வீட்டு மாடி. எங்கள் கற்பனை ஊரில் நான்கு மாடங்கள், மாடத்துக்கு ஓர் அணி. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இரண்டு அணிகள். (மதுரையின் பழைய பெயரான நான்மாடக்கூடலைத் திருடியதுதான், மறைப்பானேன்.) அணிக்கு மூன்று பேர்: கவசம் போட்ட வீரன் ஒருவன், மந்திரவாதி ஒருவர், மூன்றாமவர் அவரவர் விருப்பம். ஆட்டம் டி அண்ட் டி, கதாபாத்திரங்கள் லெவல் 5 (லெவல் ஏற ஏற ஆளின் பலமும் மந்திரமும் கூடும்). அரையிறுதியில், மேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஒரு மந்திரவாதி, தன் முறை வருவதற்கு முன்பே எதிரணியின் ஒரே ஃபயர்பாலில் (வெடிக்கும் தீப்பந்து மந்திரம்) சாய்ந்தார். ஆட்டம் அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் ஓடியது. அவர் கீழே இறங்கிப் போய் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்தார். பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது. இந்த வருடம் அவர் வருவாரா என்பது சந்தேகம்.

## எதை வைத்து அளப்பது

எந்த ஆட்டத்தில் மந்திரங்கள் அதிகம், எதில் படங்கள் அழகு என்பதெல்லாம் வாராவாரம் கூடி ஆடுகிறவர்களின் கவலை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி முடிக்கும் அணிப் போட்டிக்கு நான் பார்ப்பது வேறு.

விழுந்தவன் என்ன செய்வான்? என் முதல் அளவுகோல் இதுதான். பஜ்ஜி வாங்கப் போனவரை வைத்துக் கற்றது. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் நடந்த அசல் டோர்னமென்ட்டுகளே அணிச் சண்டைகள்தான். ஈட்டியோடு ஒருவரையொருவர் நோக்கிப் பாயும் ஜௌஸ்ட் முக்கிய ஆட்டமானது பிற்பாடு. ஊருக்கு வெளியே பரந்த வெளியில் இரண்டு கூட்டமாக மோதுவார்கள். ஆளைக் கொல்வதில் லாபமில்லை. உயிரோடு பிடித்தால்தான் குதிரையும் கவசமும் மீட்புப் பணமும் கிடைக்கும். வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலேய நைட் இப்படிப் பிடித்துப் பிடித்தே பேரும் பணமும் சேர்த்தார். களைத்தவர்கள் ஒதுங்கி மூச்சு வாங்கத் தனி இடம்கூட இருந்தது. நம் அலங்காநல்லூரில் மட்டும் என்ன, திமிலைப் பிடித்து நின்றால்தானே கணக்கு? ஆக, ‘செத்தான், வெளியே உட்கார்’ என்ற விதி நைட் பரம்பரையிலும் இல்லை, நம் பக்கத்திலும் இல்லை. அது கம்ப்யூட்டர் கேமிலிருந்து நம் மண்டையில் ஏறியது.

மந்திரவாதியின் சக்தி எப்போது நிரம்பும்? வீரனின் வாள் காலையிலும் வெட்டும், மாலையிலும் வெட்டும். மந்திரவாதிக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் முழுச் சக்தி திரும்பக் கிடைத்தால் எல்லா அணியும் மூன்று மந்திரவாதிகளைத்தான் கொண்டுவரும்.

நேரம். ஆறு அணியை மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு மேசையில் ஆடினால், பிரிவு ஆட்டங்களுக்கு மூன்று வேளை, அரையிறுதிக்கு ஒன்று, இறுதிக்கு ஒன்று, ஆக ஐந்து வேளை. காலை 10 முதல் மாலை 6 வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால் கையில் இருப்பது 7 மணி நேரம். ஒரு ஆட்டம் 75 நிமிடம் என்றால் 6 மணி 15 நிமிடம். யாரும் தாமதமாக வரக்கூடாது, கரண்ட் போகக்கூடாது. 40 நிமிடம் என்றால் 3 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடும். நேரடி நாக் அவுட் வைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து வந்தவரை 11 மணிக்கே வீட்டுக்கு அனுப்புவதற்கு எனக்கு மனம் வராது.

இதுபோகப் புதியவர் எவ்வளவு நேரத்தில் பிடித்துக்கொள்வார் என்பதும், கைக்காசு எவ்வளவு போகும் என்பதும் உண்டு. அவற்றை அங்கங்கே சொல்கிறேன்.

## டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, 2024இல் திருத்தினார்கள். உங்கள் ஆட்களில் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒரு ஆட்டம் தெரியும் என்றால் அது இதுவாகத்தான் இருக்கும். பெரிய பலம் அது. அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். ஒரு பைசா இல்லாமல் எடுத்து, உரியவர் பெயரைப் போட்டு, தமிழில் மொழிபெயர்த்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாலும் யாரும் கேட்க முடியாது. நாங்கள் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் செய்தோம், அதுதான் அன்றைக்கு உருப்படியாக அமைந்தது.

சிக்கல் எங்கே என்றால், இது அணிக்கு அணி மோதுவதற்காகச் செய்த ஆட்டமே அல்ல. ஒரு கூட்டம் ஒரே நாளில் பல சண்டைகளைச் சந்திக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. 2014 பதிப்பில் ஆட்டத்தை நடத்துபவருக்கான நூலே ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டுச் சண்டை என்கிறது. அத்தனைக்கும் பங்கிட வேண்டிய ஸ்பெல் ஸ்லாட்டுகளை (ஒரு மந்திரம் போட்டால் ஒன்று செலவாகும்) மந்திரவாதி ஒரே ஆட்டத்தில் கொட்டித் தீர்த்தால் எந்த வீரன் நிற்பான்?

லெவலுக்கு லெவல் இந்தச் சிக்கல் வேறு முகம் காட்டும். 2014 விதியில் லெவல் 1 ‘ஸ்லீப்’ மந்திரத்துக்கு எதிராளி தடுத்துப் பார்க்கக்கூட வழியில்லை. ஐந்து எட்டுமுகப் பகடை உருட்டி, வந்த கூட்டுத்தொகைக்குள் அடங்கும் வரை, உயிர்ப்புள்ளி (அடி படப் படக் குறைவது, தீர்ந்தால் ஆள் சாய்வார்) குறைந்தவரில் தொடங்கி ஒவ்வொருவராகத் தூங்குவார்கள். சராசரி 22.5. எதிரே 8 புள்ளி மந்திரவாதி, 12 புள்ளி வீரன், இன்னொரு 12 என்றால் முதல் முறையிலேயே மூன்றில் இரண்டு பேர் குறட்டை. எல்ஃப் என்ற கற்பனை இனத்தாருக்கு மாயத் தூக்கம் ஏறாது என்பதால் அடுத்த வருடம் அத்தனை பேரும் எல்ஃபாகத்தான் வருவார்கள். 2024 திருத்தத்தில் இதற்குச் சேவிங் த்ரோ, அதாவது பகடை உருட்டித் தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு, கொடுத்துவிட்டார்கள். எதை ஆடினாலும் எந்தப் பதிப்பு என்று முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதற்கே அரை மணி நேரம் போகும்.

லெவல் 5இல் ஃபயர்பால் வருகிறது. 20 அடி ஆரம், எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. அந்த லெவலில் சாதாரண மந்திரவாதிக்கு இருப்பதே 32 புள்ளிதான். தன் ஆட்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்களே, அந்தப் பயமாவது கையைக் கட்டும் என்று நான் நினைத்திருந்தேன். இலவசத் தொகுப்பில் மந்திரவாதிக்குக் கொடுத்திருக்கும் ஒரே பிரிவு எவொகேஷன், தீ, மின்னல் போன்றவற்றை வீசும் பிரிவு. அந்தப் பிரிவினர் தங்கள் தீயிலிருந்து ‘மந்திர நிலை + 1’ பேரை விலக்கிக் காக்கலாம். மூன்றாம் நிலை மந்திரத்துக்கு நான்கு பேர். மூன்று பேர் அணிக்கு அது மிச்சம் மீதியோடு போதும். இதைக் கவனிக்காமல் லெவல் 5 என்று அறிவித்தது என் தப்பு.

லெவல் 3தான் இதற்கு ஏற்றது என்று இப்போது தோன்றுகிறது. அங்கேயும் ‘ஹோல்ட் பர்சன்’ இருக்கிறது. மனத்திண்மையில் கூடுதல் எதுவும் இல்லாத வீரன் அதற்குப் பத்தில் ஆறு முறை மாட்டுவான். உறைந்து நிற்பவனைப் பக்கத்தில் நின்று வெட்டினால் படுகிற வெட்டெல்லாம் கிரிட்டிக்கல், சேதப் பகடை இரட்டிப்பு. ஆனால் மந்திரவாதிக்கு அந்த லெவலில் முதல் நிலையில் நான்கு, இரண்டாம் நிலையில் இரண்டு ஸ்லாட்தான். இங்கேதான் ஒரு விதியைச் சேர்க்க வேண்டும்: காலையிலிருந்து இறுதி ஆட்டம் வரை நீண்ட ஓய்வு (ஸ்லாட்டெல்லாம் திரும்பத் தரும் இரவுத் தூக்கம்) கிடையாது. உயிர்ப்புள்ளியை ஆட்டத்துக்கு ஆட்டம் நிரப்பிக்கொள்ளலாம், ஸ்லாட் நிரம்பாது. இந்த ஒரு வரியில் ஆட்டமே மாறிவிடும். பிரிவு ஆட்டத்திலேயே ஹோல்ட் பர்சனை வீசுவதா, அரையிறுதிக்கு வைத்துக்கொள்வதா என்று மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசுவார்கள். அணிப் போட்டி என்றால் அந்தக் குசுகுசுதானே.

மறைமுகச் செலவு: ஏழு பகடை கொண்ட செட் ஆளுக்கொன்று. நான் அலைந்த வரையில் உள்ளூர்க் கடைகளில் இருபது முகப் பகடை கண்ணில் படவில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். அதைவிடப் பெரிய செலவு நடுவர். மேசைக்கு ஒருவர், விதி மனப்பாடமாகத் தெரிந்தவர், நாள் முழுக்க ஆடாமல் உட்காரச் சம்மதிப்பவர். அப்படி இரண்டு பேரைப் பிடிப்பது பதினெட்டு ஆட்டக்காரர்களைப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

## பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு

கொடி பிடிக்கும் அந்தத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2019இல் வந்த இந்தப் பதிப்பில் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் இடையே சமநிலை கவனமாகச் செதுக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்கு மூன்று செயல். பெரும்பாலான மந்திரங்களுக்கு அதில் இரண்டு போய்விடும். இலக்கைவிடப் பத்து அதிகம் வந்தால் கிரிட்டிக்கல் என்பதால் ஒரு புள்ளி கூடுதல்கூடக் கணக்கில் வரும். விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் இலவசம்.

ஆனால் அடிக்கடி கழித்துக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் வெட்டுக்கு ஐந்து குறை, மூன்றாவதுக்குப் பத்து குறை, பயந்திருந்தால் ஒன்று குறை, சுற்றி வளைத்தால் எதிராளிக்கு இரண்டு குறை. பழகியவர்களுக்கு இது சுகம். முதல் தடவை வருபவருக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. பதினெட்டு பேரும் ஏற்கெனவே இதை ஆடியிருந்தால் ஒழிய ஒரு நாள் போட்டிக்கு வேண்டாம். ஆடியிருந்தால் டி அண்ட் டியைவிட இதுவே நேர்மையான களம்.

## மெலீயும் விசார்டும்

இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஸ்டீவ் ஜாக்சன் என்ற அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் 1977இல் வீரர்களுக்காக ‘மெலீ’ என்றும் 1978இல் மந்திரவாதிகளுக்காக ‘விசார்ட்’ என்றும் செய்த இரண்டு சின்ன ஆட்டங்கள். இரண்டும் ஒரே அறுகோணக் கட்டக் களத்தில் சேர்ந்து ஆடக்கூடியவை. பல பத்தாண்டுகள் பதிப்பில் இல்லாமல் கிடந்து, உரிமை 2017இல் அவரிடமே திரும்பிவந்த பிறகு ‘தி ஃபேன்டஸி டிரிப்’ என்ற தலைப்பின் கீழ் மறுபடி வந்தன. கதை, உலகம், வம்சாவளி எதுவும் வேண்டாம். களத்தில் இறங்கு, அடி என்பதற்காகவே செய்தவை. நம் தேவையும் அதுதானே.

ஒரு கதாபாத்திரத்துக்கு மூன்றே எண்கள். நாங்கள் வலு, லாவகம், அறிவு என்று சொல்லிக்கொண்டோம். ஒவ்வொன்றும் குறைந்தது 8, மூன்றும் சேர்ந்து 32. வீரன் 12, 12, 8 என்று வைப்பான். மந்திரவாதி 11, 11, 10 என்று வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் ஆள் தயார்.

அடிப்பதற்கு மூன்று சாதாரண ஆறுமுகப் பகடை. கூட்டுத்தொகை உங்கள் லாவகத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் அடி விழும். இந்தக் கணக்கில் ஓர் அழகு உண்டு. லாவகம் 10 என்றால் வாய்ப்பு சரிபாதி. 12 என்றால் 74 சதவீதம். 9க்கு இறங்கினால் 37.5தான். கனத்த கவசம் போடப் போட லாவகம் குறையும் என்பதால், இரும்புக்குள் பத்திரமாக நின்று காற்றை வெட்டுவதா, தோல் கவசத்தோடு துணிந்து பாய்வதா என்று வீரனுக்கும் ஒரு யோசனை வரும். எதிராளியின் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் லாவகத்தில் 4 கூடுகிறது. 10 இருந்தவனுக்கு 14 ஆகி, வாய்ப்பு 50இலிருந்து 90க்கு எகிறுகிறது. தனியாக நிற்பவன் முதுகை மறைக்க முடியாது. மூன்று பேர் ஒருவர் முதுகை ஒருவர் காத்து நின்றால்தான் தப்பிக்கலாம். அணியாக ஆடு என்று நாம் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கட்டமே சொல்லிவிடுகிறது.

மந்திரத்துக்கு ஸ்லாட் கிடையாது. ஒவ்வொரு மந்திரமும் மந்திரவாதியின் வலுவிலிருந்து கழியும். அந்த வலுதான் அவருடைய உயிர்ப்புள்ளியும். 11 வலு உள்ளவர் நான்கைச் செலவழித்து மந்திரம் போட்டால் அவரைச் சாய்க்க ஏழு போதும். பேராசைப்பட்டவர் தானாகவே மயங்கி விழுவதும் நடக்கும். (கோடங்கிகள் உடுக்கடித்து முடித்ததும் சரிந்து உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம்.) எனவே மந்திரவாதியின் சக்தியைக் கட்டுப்படுத்த நாம் தனி விதி எதுவும் எழுத வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே இதை எனக்குப் பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மாயத்தோற்றம் உண்டாக்கும் மந்திரம் மலிவு, ஆனால் வாக்குவாதம் விலையுயர்ந்தது. எதிரே நிற்பது நிஜ ஓநாயா மாய ஓநாயா என்று ‘நம்ப மறுக்க’ ஒரு முறையைச் செலவிட வேண்டும். அந்தச் சமயத்தில் மேசையே ரெண்டுபடும். முதல் போட்டிக்கு மாயத்தோற்ற மந்திரங்களைத் தடை செய்துவிடுங்கள். இன்னொன்று, ஆட்டம் கொடூரமானது. 12 வலு என்பது இரண்டு நல்ல வெட்டு. 3 உருண்டால் மும்மடங்குச் சேதம், ஒரே அடியில் கதை முடியும். ஆனால் எங்கள் பரிசோதனை ஆட்டங்கள் 25 முதல் 40 நிமிடத்தில் முடிந்தன. முதலிலேயே விழுந்தவர் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

மறைமுகச் செலவு: பெட்டியாக வாங்கினால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து ஆட்டத்தின் விலையைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. பி.டி.எஃப் வாங்கி அச்சிடுவதே புத்தி. பகடைக்குக் கவலை இல்லை, லூடோ விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். களத்துக்கு அறுகோணக் கட்டத்தை பிளக்ஸில் அடித்துவிடலாம். மதுரையில் பிளக்ஸ் அடிக்கக் கடை தேடவா வேண்டும்? ஒன்று மட்டும், பிளக்ஸ் மேல் நேரடியாக மார்க்கரால் எழுதாதீர்கள், அழியாது. சாப்பாட்டு மேசைக்குப் போடும் கண்ணாடி பிளாஸ்டிக் விரிப்பை மேலே விரித்து அதில் எழுதுங்கள். எங்கள் முதல் பிளக்ஸ் இப்போது நண்பர் வீட்டு மாடியில் வற்றலுக்கு அடியில் கிடக்கிறது.

## ஃப்ராஸ்ட்கிரேவ்

பொம்மை வைத்து ஆடுவதில் ஆசை இருப்பவர்களுக்கு. முதல் பதிப்பு 2015, இரண்டாவது 2020. பனியில் உறைந்த ஒரு பழைய நகரத்தில் மந்திரவாதிகள் தங்கள் கூலிப்படையோடு புதையல் தேடிப் போகிறார்கள். ஒரு மந்திரவாதி, ஒரு சீடர், எட்டு வீரர்கள் வரை. பத்து மந்திரப் பள்ளிகள், எல்லாவற்றுக்கும் இருபது முகப் பகடை.

மூலத்தில் ஒரு படைக்கு ஒரு ஆட்டக்காரர்தான், அப்புறம் எப்படி அணிப் போட்டி என்று கேட்கலாம். இதில் ஒரு சுற்று மந்திரவாதிக் கட்டம், சீடர் கட்டம், வீரர் கட்டம் என்று பிரிந்து ஓடுகிறது. ஒருவர் மந்திரவாதி, ஒருவர் சீடர், மூன்றாமவர் படைத்தலைவர். மூன்று பேர் அணிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காருகிறது. பத்து பொம்மையில் ஒன்று விழுந்தாலும் யாரும் எழுந்து பஜ்ஜி வாங்கப் போக வேண்டியதில்லை. ஆட்டத்தின் நோக்கமும் புதையலைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது, கொன்று குவிப்பதல்ல. மந்திரம் மோசமாகத் தவறினால் மந்திரவாதிக்கே அடி. வேண்டுமென்றால் தன் உயிர்ப்புள்ளியைச் செலுத்தி மந்திரத்தை ஒப்பேற்றவும் செய்யலாம்.

எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று, இருபது முகப் பகடை இங்கே கட்டுக்கடங்காது. இரண்டு பேரும் உருட்டி அதிகம் வந்தவர் அடிக்கிறார் என்பதால் நேற்று வந்த திருடன் இரும்புக் கவச நைட்டைச் சாய்த்துவிடுவான். சிலருக்கு அதுவே சுவாரஸ்யம். இரண்டாவது, தயாரிப்பு. ஆறு அணிக்கு அறுபது பொம்மை. விதிப்புத்தகம் எந்தக் கம்பெனிப் பொம்மையையும் ஏற்றுக்கொள்கிறது, சித்திரைப் பொருட்காட்சியில் பாக்கெட்டாக விற்கும் பிளாஸ்டிக் சிப்பாய்களே போதும். ஆனால் மூன்றடிக்கு மூன்றடி களத்தை இடிந்த சுவர்களால் நிரப்பாவிட்டால் அம்பு வைத்திருப்பவன் எல்லோரையும் சுட்டுத் தள்ளிவிடுவான். இரண்டு மேசைக்குச் சுவர் செய்ய டிவி, ஃப்ரிட்ஜ் வாங்கிய வீடுகளில் தெர்மாகோல் கேட்டு அலைய வேண்டும். ஒரு மாத வார இறுதிகள் போகும். அதை ரசிப்பவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் விடாதீர்கள், இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

## நாமே எழுதும் விதி: கபடி வழி

கடைசி வழி, சொந்தமாக எழுதுவது. நாங்கள் பத்தாம் வகுப்புப் பையன்களுக்காக ஒன்று செய்தோம். கபடியிலிருந்து உருவியது.

இரண்டு ஆறுமுகப் பகடை. ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர். எதிராளியைச் சாய்த்தால் ஒரு புள்ளி, கூடவே சாய்ந்து கிடக்கும் உங்கள் ஆள் ஒருவர் ஓர் உயிரோடு எழுந்து வருவார், முதலில் விழுந்தவர் முதலில். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாய்ந்தால் எதிரணிக்கு, கபடி ஆல் அவுட் போலவே, இரண்டு புள்ளி கூடுதல். விழுந்த மூவரும் முழு உயிரோடு எழுவார்கள். முப்பது நிமிடம் ஆனதும் விசில், புள்ளி அதிகம் உள்ளவர் வெற்றி.

மந்திரவாதி கையில் நாள் முழுக்க 12 புளியங்கொட்டை. மந்திரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை மேசையில் வைக்க வேண்டும். எத்தனை மிச்சம் என்று மூடிய கைக்குத்தான் தெரியும். இறுதி ஆட்டத்தில் ஒரு பையன் காலிக் கையை மூடிவைத்துக்கொண்டு எதிரணியைக் கிட்டத்தட்ட பத்து நிமிடம் பயமுறுத்தினான். எந்தப் புத்தகத்திலும் அச்சிட்டு வராத ஆட்டம் அது.

செலவு பூஜ்யம் என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். உண்மையில் ஆறு மாலைகள் உட்கார்ந்து ஆடிப் பார்த்து, ஓட்டைகளை அடைத்து, மறுபடி ஆடிப் பார்த்தோம். அப்படியும் போட்டியன்று, சாய்ந்து கிடக்கும் ஆளை மறைவாக வைத்துத் தாண்டலாமா என்று ஒருவன் கேட்டான். விதியில் பதில் இல்லை. அச்சிட்ட ஆட்டத்தில் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம். இங்கே எழுதியவர்தான் சட்டம், எழுதியவருடைய தம்பி எதிரணியில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

## ஒரே பார்வையில்

நேரம் எல்லாம் நாங்கள் மூன்றுக்கு மூன்று ஆடிப் பார்த்த அளவு. பாத்ஃபைண்டரைப் போட்டியாக நடத்தியதில்லை, அதனால் அந்தக் கட்டத்தில் எண் போடவில்லை.

| | டி அண்ட் டி (லெவல் 3) | பாத்ஃபைண்டர் | மெலீ–விசார்ட் | ஃப்ராஸ்ட்கிரேவ் | கபடி வழி |
|---|---|---|---|---|---|
| ஓர் ஆட்டம் | 60–90 நிமிடம் | அதைவிடக் குறையாது | 25–40 நிமிடம் | 90 நிமிடம் | 30 நிமிடம், விசில் |
| முதலில் விழுந்தவர் | நீண்ட காத்திருப்பு | நீண்ட காத்திருப்பு | சிறிது நேரம் | காத்திருப்பே இல்லை | எழுந்து வருவார் |
| மந்திரவாதிக்குக் கடிவாளம் | நாம்தான் போட வேண்டும் | ஓரளவு உள்ளேயே உண்டு | உள்ளேயே உண்டு | ஓரளவு உண்டு | புளியங்கொட்டை |
| புதியவர் பிடித்துக்கொள்ள | ஒரு மாலை | பல வாரம் | அரை மணி | ஓர் ஆட்டம் | பத்து நிமிடம் |
| கைக்காசு | பகடை செட் | பகடை செட் | பி.டி.எஃப், பிளக்ஸ் | புத்தகம், பொம்மை, களம் | இல்லை |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | விதி தெரிந்த நடுவர் | இன்னும் நன்றாகத் தெரிந்த நடுவர் | மாயத்தோற்றச் சண்டை | ஒரு மாத வேலை | எழுதுபவரின் மாலைகள் |

## அப்படியென்றால் எது?

கூட்டம் முழுவதும் ஏற்கெனவே டி அண்ட் டி ஆடுகிறவர்கள், ஒவ்வொருவருக்கும் பல மாதமாக வளர்த்த கதாபாத்திரம் இருக்கிறது என்றால் வேறு ஆட்டத்துக்கு இழுக்காதீர்கள். அவர்கள் வருவது அந்த ஆளைக் களத்தில் பார்க்கத்தான். லெவல் 3 என்று வெட்டி, ஓய்வில்லா விதியைப் போட்டு, அணிகளை நான்காகக் குறையுங்கள். நான்கு அணி என்றால் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் மோத ஆறு ஆட்டம், இரண்டு மேசையில் மூன்று வேளை, பிறகு இறுதி. நான்கே வேளையில் முடிகிறது, மூச்சு விட நேரம் இருக்கும்.

பள்ளிப் பையன்கள், வீட்டுப் பெரியவர்கள், ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று வந்து உட்காருகிறவர்கள் எல்லாம் கலந்த கூட்டத்துக்குக் கபடி வழி. போட்டிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு விதியை எழுதி முடித்துவிட வேண்டும், அதன் பிறகு ஒரு வரியும் மாற்றக்கூடாது.

விடுதித் தம்பிக்கு என் பதில் மெலீயும் விசார்டும். அவரிடம் ஆறு அணி இருக்கிறது, ஒரே நாள் இருக்கிறது, பாதிப் பேர் புதியவர்கள், நடுவர் என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான். மூன்று எண்ணும் மூன்று பகடையும் என்றால் இரண்டாவது மேசையில் ஆட்டமில்லாத அணியே நடுவராக உட்காரலாம். புள்ளிக்கணக்கை மட்டும் கபடியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்: சாய்த்ததற்கு ஒரு புள்ளி, ‘சரணடைகிறேன்’ என்று எதிராளியைச் சொல்ல வைத்தால் இரண்டு. மார்ஷல் காலத்து நைட்டுகளுக்கு அது புரியும். வலு மூன்றுக்குக் கீழே போன மந்திரவாதி சட்டென்று கையைத் தூக்குவதா, கடைசி மந்திரத்தை வீசிவிட்டுச் சரிவதா என்று மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

தம்பி ஒத்துக்கொண்டார். பாத்ஃபைண்டர்காரர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவரை இரண்டாவது மேசைக்கு நடுவராகப் போடச் சொல்லியிருக்கிறேன். பிளக்ஸ் அடிக்கக் கொடுக்கும்போது கட்டம் ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் தடவை அளக்காமல் கொடுத்தோம், பொம்மைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.